தாழ்ந்த காரும் உயர்ந்த வேகத்தடையும்



காரின் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தினால் வளைவுகளில் வண்டி சாயாது என்று நம் வீட்டு இளைஞர்கள் கூறுகின்றனர். அதில் உண்மை இல்லாமலில்லை. பாரம் தரையை நெருங்கினால் சாய்வு குறையும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திற்கு அது பொருந்தும்.

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் நம் பயணமோ வேறு. அத்தா, அம்மா, பிள்ளைகள், முதுகுவலியுடன் நன்னி, போதாக்குறைக்கு டிக்கி நிறையப் பெட்டிகள் (பிரியாணிச் சட்டியை யார் விட்டு வருவார்?). இத்தனை பாரத்தில் வெட்டுண்ட ஸ்பிரிங் அமுங்க இடமேது? இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். ஊரார் தாமே போட்டவை எந்த அளவுக்கும் கட்டுப்படாதவை. அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி இடிபட்டு ஒழுகினால் எஞ்சின் பாழாகும். அதனினும் அஞ்சத்தக்கது, பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருப்பிடத்தை விட்டு விலகக்கூடும் என்பதே.

தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது.

வண்டி அலைகிறதென்றால் முதலில் தேய்ந்த ஷாக் அப்சார்பரையும் ரப்பர் புஷ்களையும் மாற்றுங்கள். டயரில் காற்றை அளவாக வையுங்கள். பழைய பிடிமானம் பெரும்பாலும் மீண்டுவிடும்.