மீனுக்கு ஒரு முகவரிச் சீட்டு

ஆடிப் பெருக்கு வந்துவிட்டால் காவிரிக் கரையில் ஒரே கோலாகலம்தான். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். காதோலை, கருகமணியை ஆற்றில் விடுவார்கள். குழந்தைகள் சின்னஞ்சிறு சப்பரம் இழுப்பார்கள். சித்திரான்னக் கூடையோடு குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்துவிடுவார்கள்.

புது வெள்ளத்தை மனிதர்கள் இப்படிக் கொண்டாடுகிறார்கள்.

ஒரு காலத்தில் அதே புது வெள்ளத்துக்காக இன்னொரு கூட்டமும் காத்திருந்தது. கரையில் அல்ல, கடலில்!

அதுதான் உல்லம் மீன்.

கடலில் வாழ்வு, ஆற்றில் பிறப்பு

உல்லம் வெள்ளிக் காசு போல மின்னும் மீன். முள் அதிகம், சுவையும் அதிகம். ஆங்கிலத்தில் இதற்கு ஹில்சா என்று பெயர். வங்காளிகள் இலிஷ் என்பார்கள். கோதாவரிக் கரையில் புலசா என்பார்கள். புலசா காலம் வந்தால் அங்கே விலை ஏறிவிடும். வங்க தேசத்துக்கு இதுவே தேசிய மீன்.

இது வளர்வது கடலோரத்தில். முட்டையிடுவதோ ஆற்றின் நல்ல தண்ணீரில். ஆற்றில் வெள்ளம் வந்ததும் கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்தில் நுழையும். வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறும். ஒரு தாய் மீன் பல லட்சம் முட்டைகளை இடும். ஏறத்தாழ ஒரு நாளில் முட்டை பொரிந்துவிடும். குஞ்சுகள் சில மாதங்கள் ஆற்றிலேயே மேய்ந்து வளரும். விரல் நீளம், சாண் நீளம் ஆனதும் கடலை நோக்கிப் புறப்படும். பெரியவை ஆனபின் ஆற்றைத் தேடி வரும்.

பிறந்த வீடு ஆறு. வாழ்ந்த வீடு கடல். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பாதை.

காவிரி நாட்டில் அந்தப் பாதையின் பெயர் கொள்ளிடம்.

பாதையில் விழுந்த கதவுகள்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே ஓடுவது காவிரி. வடக்கே ஓடுவது கொள்ளிடம். நடுவில் தீவாக நிற்பது ஸ்ரீரங்கம். கொள்ளிடம் கிழக்கே ஓடிப் பழையாறு பக்கத்தில் கடலில் விழுகிறது. இந்த ஆற்றில்தான் உல்லம் ஏறி வந்தது.

1830-களில் சர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே இரண்டு அணைகள் கட்டினார். முக்கொம்பில் மேலணை; அங்கிருந்து சுமார் 110 கிலோமீட்டர் கிழக்கே, அணைக்கரையில் கீழணை. இந்த அணைகளால் தஞ்சை வயல்கள் தழைத்தன. பல லட்சம் பேருக்குச் சோறு கிடைத்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் கடலிலிருந்து வந்த மீன் கீழணையில் முட்டிக்கொண்டு நின்றது. நின்ற மீனைப் பிடிப்பது எளிது. கீழணையின் அடியில் வலை விரித்தார்கள். கூடை கூடையாக அள்ளினார்கள். வயிற்றில் முட்டையோடு வந்த தாய் மீன், முட்டையிடுமுன்பே சந்தைக்குப் போயிற்று.

பிரான்சிஸ் டே என்ற ஆங்கில மருத்துவர் இந்திய மீன்களைப் பற்றி ஆராய்ந்தவர். அணைகள் மீனின் வழியை அடைக்கின்றன என்று அன்றே எச்சரித்தார். அவருடைய அறிக்கை 1873-ல் வெளிவந்தது.

1907-ல் சென்னை மாகாணத்தில் மீன் துறை பிறந்தது. கொள்ளிடத்து உல்லத்தைக் காப்பாற்றுவது அதன் தொடக்க கால முயற்சிகளில் ஒன்று. முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கப் பார்த்தார்கள். கீழணையில் மீன் ஏறிச் செல்ல ஏணியும் வைத்துப் பார்த்தார்கள்.

மீன் ஏணி என்றால் தண்ணீர் வழிந்தோடும் படிக்கட்டு. மேல்நாட்டில் சால்மன் என்ற மீன் இதில் துள்ளித் துள்ளி ஏறும். ஆனால் உல்லம் துள்ளும் மீன் அல்ல. ஏணி இருந்தது; ஏறுவதற்கு மீன் வரவில்லை!

1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. அதுவரை குடகில் மழை பெய்தால் வெள்ளம் தானாக வரும். அதற்குப் பின், கதவைத் திறந்தால்தான் வரும். மீனை அழைத்த வெள்ளம் அடங்கிப் போயிற்று. மீன் துறையின் இயக்குநராக இருந்த சுந்தரராஜ், மேட்டூர் அணையால் மீன் வளத்துக்கு நேர்ந்ததை 1941-ல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். அதை நாடு முழுவதற்கும் ஒரு பாடம் என்றார்.

பாடம் எழுதப்பட்டது. படித்தவர்கள் எத்தனை பேர்? இன்று காவிரி உல்லம் என்ற பேச்சே அடங்கிவிட்டது.

எங்கே தவறு?

அணை கட்டியதா தவறு? இல்லை. மீனைக் கேட்காமல் கட்டியதுதான் தவறு.

மீனைக் கேட்க முடியுமா? முடியும். அதற்கு ஒரு வழி உண்டு. மணப்பாறைச் சந்தையில் வாங்கிய மாட்டுக்குக் காதில் வில்லை மாட்டுகிறோம். சலவைக்குப் போடும் துணியில் குறி போடுகிறோம். அதுபோல மீனுக்கும் ஓர் அடையாளம் இட்டு, ஆற்றிலே விட்டுவிட வேண்டும். வேறோர் இடத்தில் அது வலையில் விழும்போது கதை தெரிந்துவிடும். எங்கே புறப்பட்டது, எங்கே வந்து சேர்ந்தது, எத்தனை நாள் ஆயிற்று, எவ்வளவு வளர்ந்தது – எல்லாவற்றையும் அந்தச் சீட்டு சொல்லிவிடும்.

இது புதிய யோசனை அல்ல. ஐசக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1653-ல் மீன் பிடிப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சால்மன் குஞ்சுகளின் வாலில் நாடா கட்டி விட்டதையும், கடலுக்குப் போன அவை சில மாதம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பியதையும் அதில் சொல்லியிருக்கிறார். 1890-களில் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி பீட்டர்சன், சட்டைப் பொத்தான் போன்ற இரண்டு வில்லைகளைக் கம்பியால் கோத்து மீனின் முதுகில் பொருத்தினார். அந்த வில்லை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

குஞ்சுக்கு எப்படிக் கட்டுவது?

பெரிய மீனுக்கு வில்லை கட்டலாம். விரல் நீளக் குஞ்சு அந்தச் சுமையைத் தாங்குமா?

1960-களில் அமெரிக்காவில் அதற்கும் வழி கண்டார்கள். ஒரே ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டு. அதன் மேல் குறியெண். அதை ஊசி போட்டுச் சால்மன் குஞ்சின் மூக்கில் செலுத்திவிடுவார்கள். மீன் வளர்ந்து பிடிபட்டதும் கருவி அதைக் கண்டுபிடித்துவிடும். எண்ணைப் பூதக்கண்ணாடியால் படித்துக்கொள்வார்கள்.

பிறகு அரிசி போன்ற கண்ணாடிக் குமிழ் வந்தது. அதற்குள் மின்கலம் கிடையாது. குஞ்சின் வயிற்றுக்குள் வைத்துவிட்டால் ஆயுள் முழுவதும் அங்கேயே இருக்கும். அணையின் மீன் வழியில் கருவி பொருத்தியிருப்பார்கள். மீன் நீந்திப் போகும்போதே அதன் எண் பதிவாகிவிடும். மீனைப் பிடிக்கவே வேண்டாம்!

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான குஞ்சுகளுக்கு இந்தக் குமிழை வைக்கிறார்கள். எந்த அணையை எப்போது தாண்டின, எங்கே மடிந்தன என்று கணக்கு எடுக்கிறார்கள். குஞ்சுகள் கடலுக்குப் போகும் வசந்த காலத்தில், அவற்றுக்காகவே அணைகளில் தண்ணீரை வழியவிடுகிறார்கள்.

இன்னொரு சீட்டு உண்டு. அதை இயற்கையே எழுதி வைத்திருக்கிறது. கத்தாழை மீன் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும், அதன் தலைக்குள் வெள்ளைக் கல் இருக்கும். அதுதான் மீனின் காதுக் கல். பெரிதோ சிறிதோ, முள்ளுள்ள மீன் எல்லாவற்றுக்கும் அது உண்டு. மரத்தில் ஆண்டு வளையம் போல அதிலும் வளையம் படியும். குஞ்சுப் பருவத்தில் நாளுக்கொரு வளையம்! கடல் நீரில் ஸ்ட்ரான்சியம் என்ற பொருள் அதிகம். ஆற்று நீரில் பெரும்பாலும் குறைவு. கல்லைச் சோதித்தால் அந்த மீன் எப்போது ஆற்றில் இருந்தது, எப்போது கடலுக்குப் போனது என்று தெரிந்துவிடும். வங்க தேசத்து உல்லத்தை இப்படிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நம் நாட்டில்

மீனுக்கு அடையாளம் இடும் வேலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கியது. நெடுங்காலம் ராமநாதபுரம் சீமையில் மண்டபத்தில் இருந்தது. 1960-களின் பிற்பகுதியில் மேற்குக் கரையில் நெய் மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும் அது அடையாளம் இட்டுக் கடலில் விட்டது.

உல்லத்துக்கு அடையாளம் இடுவது கடினம். தண்ணீரை விட்டு எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும். தொட்டால் செதில் உதிரும். இருந்தும் செய்தார்கள். பிள்ளை என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் உழைத்தவர்களும் தங்கள் முதற்கட்ட அறிக்கையை 1963-ல் வெளியிட்டார்கள்.

கங்கையில் 1975-ல் பராக்கா அணை வந்தது. முன்பு அலகாபாத் வரையில் ஏறிய உல்லம் அதன் பின் வெகுவாகக் குறைந்துபோயிற்று. இப்போது பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன் ஆராய்ச்சி நிலையத்தார், அணைக்குக் கீழே பிடித்த உல்லத்தை அணைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். சிலவற்றுக்கு அடையாளமும் இடுகிறார்கள்.

வங்க தேசம் குஞ்சுகளையே காவல் காக்கிறது. அங்கே நவம்பர் முதல் ஜூன் வரை 25 சென்டிமீட்டருக்குச் சிறிய உல்லத்தைப் பிடிக்கக் கூடாது. பிழைப்பை இழக்கும் மீனவர் குடும்பத்துக்கு அரசாங்கம் மாதம் 40 கிலோ அரிசி கொடுத்தது. தாய் மீன் முட்டையிடும் நாட்களிலும் தடை உண்டு. 2002-03-ல் சுமார் 2 லட்சம் டன் கிடைத்த உல்லம், 2017-18-ல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது.

குஞ்சின் பாதையும் பருவமும் தெரிந்ததால்தான் அவர்களால் சட்டம் போட முடிந்தது. வயிறு காயாமல் பார்த்துக்கொண்டதால்தான் மீனவரால் சட்டத்தை மதிக்க முடிந்தது.

பயிருக்கா, மீனுக்கா?

"பயிருக்கே தண்ணீர் இல்லை. மீனுக்கு எங்கே போவது?" என்று உழவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அணையை உடை என்று யாரும் சொல்லவில்லை. பயிர் நீரைப் பறித்து மீனுக்குக் கொடு என்றும் சொல்லவில்லை. கொள்ளிடத்தில் உபரி வெள்ளம் போகும் ஆண்டுகள் உண்டு. எப்படியும் கடலுக்குப் போகும் நீர்தான் அது. அதை எந்த மாதத்தில், எந்தக் கதவு வழியாக விட்டால் மீன் ஏறும்? குஞ்சு இறங்கும்? வாய்க்காலில் திசைமாறி வயலில் சாகாமல் இருக்கும்? கேள்வி இவ்வளவுதான். விடை ஏட்டில் இல்லை. அடையாளச் சீட்டில்தான் இருக்கிறது.

2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துக் கதவுகளில் ஒன்பது வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. அந்தக் காட்சியைத் திருச்சி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு புதிய கதவணை எழுந்தது. பழைய கதவு விழும்; புதிய கதவு வரும். ஒவ்வொரு முறையும் வெள்ளத்தின் அளவைக் கணக்கிடுகிறோம். மணலை, பாறையைச் சோதிக்கிறோம். அந்த வழியே நீந்தும் உயிரின் கணக்கையும் ஏன் எடுக்கக் கூடாது?

நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆற்றின் குணம் அறிந்த மீனவர்கள் பழையாற்றிலும் அணைக்கரையிலும் இருக்கிறார்கள். மூவரையும் சேர்க்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை. முகத்துவாரத்தில் இன்றும் வந்து போகும் மீன்களுக்கும், மேலே விடப்படும் குஞ்சுகளுக்கும் சில ஆண்டுகள் அடையாளம் இட்டுப் பார்க்கட்டும். உல்லம் மட்டுமல்ல, கடலுக்கும் ஆற்றுக்கும் நடமாடும் விலாங்கும் மடவையும்கூட நமக்குச் சேதி சொல்லும். சேதி வந்த பிறகு கதவைத் திட்டமிடட்டும்.

மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. வலையில் விழும் மீனின் முதுகில் என்றாவது ஒரு சின்ன வில்லை தெரிந்தால், அதைக் குப்பையில் எறிந்துவிடக் கூடாது. எந்த நாள், எந்த இடம் என்று குறித்து மீன் துறை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். திரும்பி வராத சீட்டு, உறை பிரிக்காத கடிதம்.

ஆடிப் பெருக்கன்று நாம் காவிரித் தாய்க்கு மஞ்சளும் பூவும் விடுகிறோம். வெள்ளத்தை நம்பிய இன்னொரு பிள்ளையும் அவளுக்கு இருந்தது. அது வீடு திரும்ப ஒரு கதவைத் திறந்து வைப்பதும் அவளுக்குச் செய்யும் சிறப்புதான்.