ட்ரிப்ஸ் பாட்டிலும் இயற்பியலும்



'டாக்டருக்குப் படிக்கப்போகிற பிள்ளைக்கு இயற்பியல் எதற்கு சார்?' என்று பெற்றோர் கேட்பதை முப்பது வருடமாகக் கேட்டுவருகிறேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ இயற்பியல் நடத்தியவன் நான்.

போன மாதம் அம்மாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஸ்கேனுக்காக ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது, ட்ரிப்ஸ் பாட்டிலை யாரோ கழற்றி அவர் காலருகே வைத்துவிட்டார்கள். ரத்தம் ட்யூபில் ஏறத் தொடங்கியது. பதறிப்போய் பாட்டிலை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தேன். அந்தச் சிவப்பு மெல்ல உள்ளே இறங்கியது. நான் வகுப்பில் நடத்திய பாய்ம அழுத்தம்தான் அது.

ரத்த ஓட்டமும் இயற்பியல் விதிக்கு உட்பட்டதுதான். ரத்தக் குழாயின் ஆரம் பாதியானால், அழுத்தம் மாறாதபோது, ஓட்டம் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். இந்த விதிக்குப் பெயர் தந்த பாய்சொய் ஒரு மருத்துவர். கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை 1851இல் வெளியிட்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ் மருத்துவம் படித்து இயற்பியலுக்கு வந்தவர்.

நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 180 இயற்பியலுக்கு. அதற்காகப் பிள்ளைகள் சூத்திரங்களை உருப்போடுகிறார்கள். சாய்தளத்தில் உருளும் உருளையின் கணக்கைச் சட்டென்று போடும் மாணவிக்கு, ரத்த அழுத்தம் பார்க்கையில் கையை ஏன் இதய மட்டத்தில் வைக்கிறோம் என்று சொல்லத் தெரியவில்லை. குற்றம் அவள்மீது இல்லை. அப்படி யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. வினாத்தாள் தயாரிப்பவர்கள் கண்ணையும் நுரையீரலையும் ரத்தக் குழாயையும் வைத்துக் கேள்வி கேட்கட்டும்.

- ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், தேனி