அடிமனை யாருக்குச் சொந்தம்?

வீடு வாங்கியவனுக்குச் சுவர் சொந்தம். சுவர் நிற்கும் மண் பிரபுவுக்குச் சொந்தம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் சொத்துமுறை இது. அங்கே 99 ஆண்டுக் குத்தகையில் வீடு வாங்குகிறவன், உண்மையில் அத்தனை ஆண்டு குடியிருக்கும் உரிமையைத்தான் வாங்குகிறான். ஆண்டுக்கு ஆண்டு அந்த உரிமை கரைகிறது. கெடு குறையக் குறைய வீட்டின் விலை விழுகிறது. வங்கிகள் கடன் தர மறுக்கின்றன. வாங்க ஆள் வருவதில்லை. கெடு தீர்ந்தால் வீடு நிலக்காரனுக்கே போய்ச் சேரும். அவன் ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. காலம் ஒன்றே அவனுக்காக உழைக்கிறது!

இதன் கொடுமையை முழுதாக அனுபவித்தவர்கள் தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் கூட்டாகச் சேர்ந்து, கூலியில் மிச்சம் பிடித்துப் பணம் கட்டி, வரிசை வரிசையாக வீடுகளை எழுப்பினார்கள். நிலமோ பெரும் பிரபுக்களுடையது. 1950களிலும் 1960களிலும் கெடு முடியத் தொடங்கியது. பாட்டன் கட்டிய வீட்டில் பேரன் வாடகைக் குடியாகும் நிலை வந்தது. இது நியாயமா?

மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1967ல் தொழிற்கட்சி அரசாங்கம் சட்டம் செய்தது: குத்தகை வீட்டில் குடியிருப்போர் மண்ணை விலைக்கு வாங்கலாம், அல்லது கெடுவை 50 ஆண்டு நீட்டலாம். லண்டனின் செல்வச் சீமான் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் அறங்காவலர்கள், சொத்துரிமை போயிற்றென்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1986ல் தோற்றார்கள்.

ஆனால் 1967ஆம் ஆண்டுச் சட்டம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பொருந்தவில்லை. 1993ல்தான் அவற்றுக்கும் உரிமை கிடைத்தது. அதிலும் ஒரு கண்ணி: கெடு 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், கெடுவை நீட்டுவதால் உயரும் மதிப்பில் பாதியை நிலக்காரனுக்குக் கொட்டி அழவேண்டும். இந்தக் கப்பத்தை ஒழிக்க 2024ல் சட்டம் நிறைவேறியது. அந்த விதி அமலுக்கு வருமுன்பே நிலக்காரர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2025 அக்டோபரில் லண்டன் உயர்நீதிமன்றம் அவர்கள் வழக்கைத் தள்ளியது.

இந்த வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு, 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் அந்த மனையைச் சொந்தமாக்கியது. கோயில், மடங்களின் நிலத்தில் அடிமனை வாடகை கட்டி வாழ்வோர் படும் பாட்டை நாம் அறிவோம். தான் எழுப்பிய சுவரையே தன்னிஷ்டப்படி விற்க முடியாமலும், அதன்மேல் கடன் பெற முடியாமலும் அவர்கள் தவிக்கிறார்கள்.

காலில் மண் இல்லாதவனின் வீடு, தவணை குறிக்கப்பட்ட வீடுதான். வீட்டைக் கட்டி, காத்து, அதில் வாழ்கிறவர்களுக்கே, நியாயமான தவணையில், அடிமனை சொந்தமாக வேண்டும் என்பது நம் கோரிக்கை. சுரங்கத் தொழிலாளிக்கு மண் தானாக வரவில்லை. போராடினான், பெற்றான். நாமும் ஒன்றுபடுவோம்!