கிடங்கு கட்டினா போதுமா? காய் அடுக்கப் பெட்டி எங்கே?



வருஷம் பூரா தண்ணி பாய்ச்சி, முட்டு கொடுத்து, காத்துக்குத் தப்பின தாரை வெட்டுகிறோம். அன்னைக்குப் பார்த்து விலை விழுந்து கிடக்கிறது. "கவலைப்படாதே, குளிர்பதனக் கிடங்கில் வை, விலை ஏறினதும் எடு" என்கிறார்கள். நம்பி வைக்கிறோம். எடுக்கும்போது தோல் கறுத்து, காம்பு அழுகிக் கிடக்கிறது. கேட்டால், "உன் காய் சரியில்லை, வாடகையைக் கட்டு!"

காயா சரியில்லை? அடுக்கின விதம் சரியில்லை!

சாக்கில் சுற்றித் தார் மேல தாராகப் போட்டால் குளிர் காத்து நடுவில் உள்ள காய்க்குப் போய்ச் சேராது. நடுக்காய் சூட்டில் பழுக்கும். அது விடும் எத்திலீன் வாயு சுற்றியுள்ள பச்சைக் காயையும் பழுக்க வைக்கும். நசுங்கின இடத்தில் அழுகல் பிடிக்கும். மூடாமல் வைத்தால் காயின் ஈரம் போய் எடை குறையும். துளையில்லாத பாலிதீனில் கட்டினாலோ உள்ளே வியர்த்துப் பூஞ்சாணம் வரும்.

வழி இல்லாமலா இருக்கு? சீப்பு சீப்பாக வெட்டி, பால் போகக் கழுவி, ஈரம் உலர்த்தி, துளையுள்ள பாலிதீன் விரித்த அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். பெட்டியின் பக்கங்களில் நூற்றுக்கு 5 பங்கு துளை வேண்டும். மேலும் கீழும் அடுக்கும்போது துளைகள் ஒரே நேராக நிற்க வேண்டும். மட்டமான அட்டை கிடங்கின் ஈரத்தில் நமுத்து, அடிப்பெட்டி நசுங்கிப் போகும். இப்படி வைத்தால் 13 டிகிரிக்குச் சற்று மேலே பச்சைக் காய் வாரக்கணக்கில் நிற்கும். அதற்குக் கீழே குளிர வைத்தால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. தோல் கறுத்து, சரியாகப் பழுக்காமலே போகும்.

கப்பலேறும் வாழைக்கு இதெல்லாம் நடக்கிறது. உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் நம்ம வாழைக்கு மட்டும் சாக்கா? 1993 முதல் திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. படிப்பு இருக்கு, பெட்டி இல்லை!

2020-ல் மத்திய அரசு 1 லட்சம் கோடி ரூபாய் வேளாண் உட்கட்டமைப்பு நிதி என்று அறிவித்தது. கிடங்கு கட்டுகிறவருக்கு வட்டியில் 3 சதவீதம் சலுகை. கட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐம்பது தார் கொண்டுவரும் சிறு விவசாயிக்கு என்ன வழி?

நமது கோரிக்கைகள்:

1. கிடங்குதோறும் சீப்பு வெட்டிக் கழுவி அடுக்கக் கொட்டகை போடு! பிளாஸ்டிக் பெட்டியைக் குறைந்த வாடகைக்கும், அட்டைப்பெட்டியைப் பாதி விலைக்கும் கொடு!

2. பச்சைக் காயையும் பழத்தையும் ஒரே அறையில் வைக்காதே!

3. அறையின் வெப்பநிலையைத் தினமும் வாசலில் எழுதிப் போடு!

4. கிடங்கின் தவறால் கெட்ட காய்க்கு நஷ்டஈடு கொடு!

நம்ம பங்குக்கு நாமும் தாரைத் தூக்கி எறிவதை நிறுத்துவோம். வெட்டின காயை வெயிலில் போடாமல் நிழலில் வைப்போம்.

விவசாயிகளே! பிள்ளை மாதிரி வளர்த்த காயைக் குப்பையில் கொட்டினது போதும். கலெக்டர் ஆபீஸ் முன்பு நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்குக் குடும்பத்தோடு திரண்டு வாரீர்!

பெட்டி கொடு! நஷ்டஈடு கொடு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!