சிவப்பு எச்சரிக்கை! சம்பளம் எங்கே?

“வங்கக் கடலில் நிலை கொண்டுள்ள ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக மாறக் கூடும். சென்னை, செங்கல்பட்டு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் அதி கனமழை பெய்யும். பலத்த காற்று வீசும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். பொதுமக்கள் அவசியமின்றி வெளியே வர வேண்டாம்.”

ஆண்டுதோறும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் ரேடியோவும் டெலிவிஷனும் செல்போனும் இந்த மாதிரி வாசகத்தைத்தான் சொல்லுகின்றன. நாமும் கேட்கிறோம். கேட்டுவிட்டு என்ன செய்கிறோம்? சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்புகிறோம்!

உடனே சில மேதாவிகள் எழுதுகிறார்கள்: “ஜனங்களுக்கு எச்சரிக்கையின் அருமை தெரியவில்லை, அறியாமை, அலட்சியம்.” நாம் கேட்கிறோம்: அவசியம் எது, அவசியமில்லாதது எது என்று தீர்மானிப்பது யார்? விடிகாலையில் தாம்பரத்தில் தூக்குவாளியும் சும்மாடுமாக மேஸ்திரி வருகிறாரா என்று பார்த்து நிற்கிற சித்தாளுக்கு அன்றைய கூலிதான் அன்றைய அரிசி. அவள் வீட்டில் இருந்தால் மழையிலிருந்து தப்பலாம். பசியிலிருந்து தப்ப முடியுமா?

2024 நவம்பர் 30-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃபெஞ்சல்’ புயல் நெருங்கியது. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் விடுமுறை. கம்ப்யூட்டர் கம்பெனிகள் தம் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்ல வேண்டும் என்று சர்க்கார் யோசனை கூறிற்று. பழைய மகாபலிபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அன்று பிற்பகல் பஸ் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. எல்லாம் நல்ல காரியம். நாம் குறை சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வேலை செய்யும் பையனும் பெண்ணும் உழைப்பாளிகளே. அவர்கள் நனையாமல் இருந்ததில் நமக்குச் சந்தோஷமே.

ஆனால் அதே சாலையோரத்தில் பத்து மாடி, இருபது மாடி என்று கட்டடங்கள் எழும்புகின்றனவே, அங்கே கம்பி கட்டுகிறவன் எந்த வீட்டிலிருந்து வேலை செய்வது? கரணையையும் கலவையையும் வீட்டுக்கு எடுத்துப் போவதா? லேத் பட்டறைக்காரன் லேத்தைத் தூக்கிக்கொண்டு போவதா? பஸ்ஸை நிறுத்தினால் வேலைக்குப் போனவன் திரும்புவது எப்படி? வராத நாளுக்குக் கூலி உண்டா? இந்தக் கேள்விகளுக்கு எந்த அறிக்கையிலும் ஒரு வரி கிடையாது.

அதற்கு முந்திய ஆண்டு ‘மிக்ஜாம்’ வந்தது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் சர்க்கார் பொது விடுமுறை அறிவித்தது. அந்த விடுமுறை நாளில்தான் வேளச்சேரி அருகே ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானப் பள்ளத்தில் மண் சரிந்தது. உள்ளே சிக்கிய இருவரின் உடல்களை மீட்கப் பல நாட்கள் ஆயின. அதே நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலை கானத்தூரில் புதுச் சுவர் இடிந்து, ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த இருவர் மாண்டனர்.

“வீட்டிலேயே இருங்கள்” என்கிறார்களே, அந்த வீடு எது? வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளிக்கு வீடு என்பது கட்டட மூலையில் அடித்த தகரக் கொட்டகை. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் பங்களாச் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து 17 பேரைக் கொன்றதே, அவர்கள் வெளியே சுற்றியவர்களா? தம் வீட்டில் படுத்திருந்தவர்கள்! 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரை ஆபத்தானது என்று சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் குடிவைத்தார்கள். பெரும்பாக்கம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம், நான்கு பக்கத்து ஏரித் தண்ணீரும் வந்து சேருகிற தாழ்வு. 2023-இல் அங்கேயும் தண்ணீர். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றிச் சதுப்பு வெள்ளத்தில் கொண்டுபோய் விட்டார்கள்!

தாம்பரத்து மக்களுக்கு 2015-ஐ யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்தில் 47. வானிலை இலாகாவின் கணக்குப்படி 21 சென்டிமீட்டரை எட்டினாலே அதி கனமழை. அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அந்த வெள்ளம் மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்று மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கையே பின்னர் கூறிற்று.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகியது செம்பரம்பாக்கத்துத் தண்ணீரால் அல்ல. அந்தத் தண்ணீர் அடையாற்றில் கலப்பது இன்னும் கீழே. முடிச்சூரை முழுக அடித்தது ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர். ஆகவே, “மாவட்டத்தில் ஓரிரு இடங்களில்” என்று சொன்னால் முடிச்சூர்க்காரன் என்ன தெரிந்துகொள்வான்? எந்த ஏரி எப்போது வழியும், எந்தத் தெருவில் எத்தனை அடி ஏறும், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும் என்பதல்லவா எச்சரிக்கை? வானிலை இலாகா வானத்தைச் சொல்லும். தரையைச் சொல்ல வேண்டியது சர்க்கார்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுவோம். வானிலை விஞ்ஞானிகளோடு நமக்குச் சண்டையில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது நம் கடற்கரைக்கு ஒரு வார்த்தை எச்சரிக்கை கிடையாது. இன்று ஹைதராபாத்தில் அதற்கென்றே நிலையம் இருக்கிறது. திடீர் அலையேற்றமாகிய ‘கள்ளக்கடல்’ பற்றியும் முன்கூட்டியே சொல்கிறது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயலின்போது எச்சரிக்கை வருமுன்பே குமரி மாவட்ட மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள், பலர் திரும்பவேயில்லை. எச்சரிக்கை பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒன்றே போதும். இப்போது பல நாள் முன்னதாகவே தகவல் வருகிறது. விஞ்ஞானம் தன் கடமையில் பெரும் பகுதியைச் செய்துவிட்டது.

ஆனாலும் புயல் சொன்னபடி நடக்கிற பண்டமல்ல. ஃபெஞ்சல் கரையைக் கடக்கும் நேரம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் இரவில் புதுச்சேரி அருகே கடந்தது. சில எச்சரிக்கைகள் பொய்த்தே தீரும். பொய்த்தால் நஷ்டம் யாருக்கு? மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. முதலாளிக்கு ஆர்டர் ஒரு நாள் தள்ளிப் போனது. கூலிக்காரனுக்கு அடுப்பு எரியவில்லை! ஒரு முறை எச்சரிக்கையை நம்பி வீட்டில் இருந்தான், வெயில் அடித்தது, கூலி போனது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவன் நம்பவில்லை, வேலைக்குப் போனான். அன்று சுவர் விழுந்தது. இது அறியாமையா? இல்லை, கணக்கு. பட்டினி நிச்சயம், புயல் சந்தேகம் என்றால் யாரும் சந்தேகத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். சம்பளம் சேராத எச்சரிக்கையை உழைப்பாளியால் கடைப்பிடிக்கவே முடியாது.

“சட்டத்தில் வழி இருக்கிறதே!” என்பார்கள். இருக்கிறது, பாருங்கள் அந்த அழகை. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் லே-ஆப் என்பதற்கான காரணங்களில் இயற்கைச் சீற்றமும் ஒன்று. லே-ஆப் ஆனால் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பாதிச் சம்பள ஏற்பாடு அதிலும் இருக்கிறது. யாருக்கு? ஐம்பது பேருக்குக் குறையாத ஆலையில், மஸ்டர் ரோலில் பெயர் உள்ளவராய், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவராய் இருக்க வேண்டும். பதிலிக்குக் கிடையாது. கேஷுவலுக்குக் கிடையாது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்குக் கிடையாது. வயலில் நாற்று நடுகிறவளைச் சட்டம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று. அந்தப் பாதிச் சம்பளத்தைப் பெற வேண்டுமானால், தொழிலாளி நாளுக்கு ஒரு முறையாவது குறித்த நேரத்தில் ஆலைக்கு வந்து முகம் காட்ட வேண்டும்! இரும்புலியூரில் இடுப்பளவு தண்ணீர். வண்டலூரில் மரம் சாய்ந்து பாதை இல்லை. ஆனாலும் நீந்தி வந்து, “ஐயா, புயலால் இன்று எனக்கு வேலை இல்லை” என்று கேட்டில் நின்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அரைச் சம்பளம். முழு முதலாளித்துவ மூளை இல்லாமல் இப்படி எழுத வருமா?

விவசாயக் கூலிகளின் நிலை இன்னும் மோசம். மின்னல் வருமுன் சொல்ல ‘தாமினி’ என்று செல்போனில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நல்லதே. ஆனால் சேற்றில் குனிந்து நடவு நடுகிறவளின் செல்போன், இருந்தால், வரப்பில் மஞ்சள் பைக்குள் கிடக்கிறது. அது அடித்துக்கொண்டிருக்கும்போதே இடி விழுகிறது. அப்படியே சத்தம் கேட்டுக் கரையேறினாலும், “நடவு முடியாமல் கூலி இல்லை” என்று நிலக்காரர் சொன்னால் என்ன செய்வாள்?

கோடையிலும் இதே கதை. பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள் என்று அறிவிப்பு. தார் ரோடு போடுகிறவர்களுக்கு அதுதான் வேலை நேரம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். சாகாமல் நிழலில் உட்கார்ந்த மூன்று மணி நேரத்துக்கு? 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தபோதும், ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருக்க முடிந்தவர்கள் இருந்தார்கள். குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவர்கள் எந்த ஜன்னலை மூடுவது?

சம்பளத்துடன் விடுமுறை கொடுத்தால் தொழில் பாழாகிவிடும் என்று முதலாளிமார் சங்கங்கள் ஓலமிடும். அவர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் பிடிக்குமே! ஸ்பெயின் நாட்டில் 2024 அக்டோபர் 29-ஆம் தேதி வலென்சியா பிரதேசத்தில் பெருவெள்ளம். வானிலை இலாகா காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. ஜனங்களின் செல்போனுக்கு அபாய மணி வந்தது இரவு எட்டு மணிக்கு மேல்! அதற்குள் வேலைத்தலத்திலும் வேலையிலிருந்து திரும்பும் வழியிலும் தொழிலாளிகள் அகப்பட்டுக்கொண்டார்கள். 220 பேருக்கு மேல் பலி. கொதித்தெழுந்தார்கள் அந்நாட்டுத் தொழிலாளிகள். ஒரே மாதத்தில், நவம்பர் 28-இல், வானிலை அபாயத்தால் வேலைக்கு வர முடியாதவர்களுக்கு நான்கு நாள் வரை சம்பளத்துடன் விடுமுறை என்று அங்கே சட்டம் வந்தது. இரண்டே நாள் கழித்து நம் கரையில் ஃபெஞ்சல்! ஸ்பெயினும் முதலாளிகள் நாடுதான். அங்கே தொழில்கள் பாழாகிவிட்டனவா?

அவ்வளவு தூரம் ஏன்? நம் மாநிலத்திலேயே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன் வளம் பெருக வேண்டும் என்று தடை. அந்தக் காலத்துக்கு மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணம். வேலையை நிறுத்தச் சொல்லுகிற சர்க்கார் வயிற்றுக்கும் வழி சொல்ல வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டதால்தானே அது கிடைத்தது? மீன் குஞ்சு பிழைப்பதற்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை மனிதன் பிழைப்பதற்கு ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது? கோவளத்திலும் நீலாங்கரையிலும் கானத்தூரிலும் எச்சரிக்கையால் படகு கரையேறிக் கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் அதே நிவாரணம் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் இந்தப் பகுதியின் ஒவ்வொரு ஆலை கேட்டிலும் பட்டறையிலும் கட்டட வேலைத்தலத்திலும் இதைப் பேச வேண்டும். சம்பள ஒப்பந்தம் பேசப் போகிற சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இப்படி ஒரு வாசகம் சேர்க்கட்டும்: “வானிலை இலாகா சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில், பதிலி, கேஷுவல், காண்டிராக்ட் என்ற பேதமின்றி எல்லாத் தொழிலாளிக்கும் முழுச் சம்பளத்துடன் விடுமுறை. எச்சரிக்கை பொய்த்தாலும் பிடித்தம் இல்லை. கேட்டில் வந்து முகம் காட்ட வேண்டியதில்லை.” கிராமத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலி பேசும்போது, இடி மின்னலால் கரையேறிய நேரத்துக்கும் கூலி என்று சேர்த்தே பேசுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் தோழர்கள் ஆதனூர் ஏரியின் நீர்மட்டத்தைத் தினமும் தெருமுனைப் பலகையில் எழுதிப் போடச் சொல்லி இப்போதே மனுக் கொடுங்கள்.