வெற்றுநிலம் என்றொரு பொய்

பேராதனை வளாகத்திற் கற்போர் ஹந்தானை மலையைக் காணாது ஒரு நாளைக் கழித்தல் அரிது. அம்மலைச் சரிவுகளில் அணிவகுத்து நிற்கும் பைனசு மரங்கள் இந்நாட்டுக்கு உரியனவல்ல. நடு அமெரிக்காவும் கூபா, பகாமாசுத் தீவுகளும் அவற்றின் தாயகம். மலைநாட்டின் புல்வெளிகளையும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களையும் மரத்தால் மூடவேண்டும் என்னும் நோக்குடன் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை பரவலாக நடப்பட்டன. அவை குறித்து இன்று இரு கட்சியினர் வழக்காடுகின்றனர். மொட்டை மலையைப் பசுமையாக்கிய மரம் என்பர் ஒரு சாரார். நீரை உறிஞ்சி நெருப்பை வளர்க்கும் மரம், அடியோடு வெட்டுக என்பர் மறுசாரார். இவ்விரு சாராரும் ஒரே பொய்யை நம்புகின்றனர் என்பதே எமது வாதம். மலைச்சரிவு ஒரு வெற்றுநிலம். அதில் வேண்டிய மரத்தை நடலாம், வேண்டாதபோது பிடுங்கலாம் என்பதே அப்பொய்.

நிலம் ஒருபோதும் வெறுமையாக இருப்பதில்லை. நிலத் தாவர இனங்களுட் பத்தில் ஏழெட்டுப் பங்கு, மண்ணில் வாழும் நுண்ணிய பங்கசுகளுடன் வேரளவில் கூட்டுச் சேர்ந்தே வாழ்கின்றன. பங்கசுவேர் எனப்படும் இவ்வொன்றியவாழ்வில் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஒளித்தொகுப்பால் ஆக்கிய உணவில் ஒரு பங்கைத் தாவரம் பங்கசுக்கு ஈகின்றது. வேர் எட்டமுடியாத மண்ணிடுக்குகளில் இழைகளை ஓடவிட்டுப் பொசுபரசு முதலிய சத்துக்களைப் பங்கசு கொணர்ந்து தருகின்றது. மலைநாட்டுச் செம்மண்ணிற் பொசுபரசு இல்லாமலில்லை. இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடப்பதால் அது வேருக்கு எளிதிற் கிட்டுவதில்லை. அத்தகைய மண்ணில் இக்கூட்டின் பயன் பெரிது. இவ்விழைகளே மண்துணிக்கைகளைப் பிணைத்து, மழைக்குக் கரையாமற் காக்கவும் உதவுகின்றன. சரிவில் வாழும் நமக்கு இது சிறு செய்தியன்று.

இவ்வுறவைக் கண்டி மண்ணில் வாழ்வோர் அறியாதிருந்தமைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. நாம் பங்கசைப் பகைவனாகவே கற்றோம். 1869இல் இத்தீவிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்தது. அதனை ஆராய 1880இல் மார்சல் வாட் இங்கு அனுப்பப்பட்டார். 1946இற் கொப்புள நோய் தேயிலையைத் தாக்கியது. பேராதனைப் பூங்காவிற் பங்கசியல் வளர்ந்தது பெரிதும் தோட்ட முதலாளிகளின் இழப்பைத் தடுப்பதற்கே. வாட் இங்கு நோய்ப் பங்கசை ஆராய்ந்து மீண்ட சில ஆண்டுகளுள், 1885இல், உணவுக் காளான் வளர்ப்புக்கு வழி தேடிய பிராங்க் என்னும் செருமானிய அறிஞர், மரவேரைப் பங்கசு போர்த்தியிருப்பதைக் கண்டு அதனை நட்புறவென விளக்கினார். இலையிற் படிந்த துருவைக் கண்டு அஞ்சிய நாம், வேரிற் படர்ந்த துணையை நெடுங்காலம் தேடினோமல்லோம்.

பைனசின் வரலாறே நமது வாதத்துக்கு நல்ல சான்று. புவேட்டோ ரிக்கோத் தீவில் 1930கள் தொடங்கிப் பன்முறை பைனசை வளர்க்க முயன்றும் நாற்றுக்கள் மஞ்சளித்து நலிந்தன. மழையும் வெயிலும் குறைவின்றியிருந்தும் துணைப் பங்கசு அம்மண்ணில் இருக்கவில்லை. 1955இல் வட கரோலைனாவின் பைனசுக் காட்டு மண்ணை நாற்றுக்களுக்கு இட்டபின்னரே அவை செழித்தன. அதனால், முதிர்ந்த பைனசின் அடிமண்ணை நாற்றுமேடையிற் கலப்பது வெப்பவலய வனவியலில் வழமையாயிற்று. அயல் மரத்துக்கு அதன் துணையையும் உடன் அழைத்துவர வேண்டும் என்பதை வனவியலாளர் அறிந்திருந்தனர். சுதேச மரத்தை நடுகையில் மட்டும் அவ்வறிவு எங்கே மறைகின்றது? நடுகை விழாவில் நாற்றுக்களை எண்ணுகின்றோம், நிழற்படம் எடுக்கின்றோம், மறு ஆண்டு எஞ்சியவற்றை எண்ணுவாரில்லை. அயல் மரத்துக்குக் காட்டிய மரியாதையைத் தன் மண்ணின் மரத்துக்குக் காட்டாமை அறிவுடைமையாகாது.

பைனசின் பங்கசே இனிவரும் மரங்களுக்கும் உதவும் எனச் சிலர் கூறலாம். பங்கசுவேர் ஒருவகைப்பட்டதன்று. பைனசின் பங்கசு வேர்நுனியை உறைபோல மூடி, கலங்களுக்கு வெளியே தங்குகின்றது. சிங்கராசாவின் பெருமரங்களாகிய ஹோரா முதலியனவும் இவ்வகையினவே. ஆனால் பலா, மா, தென்னை, மிளகு, தேயிலை, மானாப்புல் என நம் கண்டித் தோட்டங்களிற் காண்பனவற்றுட் பெரும்பாலானவை வேறொரு கூட்டத்துப் பங்கசுகளைக் கலங்களினுள்ளே ஏற்பவை. ஒன்றின் துணை மற்றொன்றுக்குத் துணையாகாது. ஆகவே ஹந்தானையில் எம்மரத்தை நடுவது என்னும் வினா, எத்துணையோடு நடுவது என்னும் வினாவுமாகும்.

அங்ஙனமாயின் பைனசை முற்றாக வெட்டுவதுதானே முறை என்பார்க்கும் மறுமொழி உண்டு. செங்குத்தான சரிவை ஒரே முறையில் வெறுமையாக்கினால், அடுத்த பருவமழை மேல்மண்ணை மகாவலியிற் சேர்க்கும். அம்மேல்மண்ணிலேயே இழைகளும் வித்திகளும் மிகுதியும் வாழ்கின்றன. பைனசு நட்டோர் செய்த பிழையையே அதனை வெட்டுவோரும் செய்தவராவர். பொதியிலடைத்து விற்கும் அயல்நாட்டுப் பங்கசை வாங்கித் தூவுவோம் என்பதும் மாற்றன்று. அது பைனசை நட்ட மனப்பான்மையின் மறுபிறப்பு.

வழி நம் பல்கலைக்கழகத்தின் கையிலேயே உண்டு. சிங்கராசாவின் எல்லைப்புறப் பைனசுத் தோட்டத்திற் பேராதனை அறிஞர் நிமால் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோர், மார்க் அஷ்டன் முதலியோருடன் இணைந்து செய்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. பைனசு வரிசைகளை இடையிடையே நீக்கி, எஞ்சியவற்றைச் செவிலித்தாயாக நிறுத்தி, சுதேச மழைக்காட்டு மரங்களை நட்டபோது அவை, மூடிய நிழலில் நின்றவற்றினும் நன்கு வளர்ந்தன. சிங்கராசாவின் ஈரமும் அயற்காடும் ஹந்தானைக்கு இல்லை. எனினும் நெறி ஒன்றே: படிப்படியாகத் திறத்தல், மண்ணை ஒருநாளும் வெறுமையாக்காமை. அதனோடு ஒன்று சேர்ப்போம். உடவத்தகெலே, கன்னொருவைக் காட்டோரங்களிலும் பழைய வீட்டுத்தோட்டங்களிலும் இருந்து காடு கெடாத அளவிற் பிடிமண் எடுத்து நாற்றுமேடையிற் கலந்து, கலவாத நாற்றுக்களோடு ஒப்பிட்டு, ஆண்டுதோறும் எஞ்சியவற்றை எண்ணிப் பதிவு செய்தல் வேண்டும். இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. ஒரு நுணுக்குக்காட்டி, வேருக்கு ஊட்டும் சாயம், பொறுமையுள்ள மாணவர் சிலர் போதும்.

ஹந்தானை 2010இற் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பிரகடனம் எல்லையைக் காக்கலாம்; மண்ணுக்குள் நிகழும் உறவைக் காக்க அறிவு வேண்டும். தாவரவியல் பயிலும் மாணவர் இலையை மட்டும் பறித்து வராது, வேரையும் அகழ்ந்து நோக்குவாராக. பிற துறையினர், அடுத்த மரநடுகை விழாவுக்கு அழைக்கப்படும்போது ஒரு வினாவேனும் எழுப்புவாராக: இந்த நாற்றின் துணை எங்கே? அவ்வினாவுக்கு விடை கூறவியலாத விழா மரநடுகையன்று. குழி தோண்டும் சடங்கே.