மூலம் அறிந்த கைகள்

சென்னையினின்று பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருப்பெரும்புதூர். அங்கிருந்து தென்திசை நோக்கிச் செல்லும் சாலை ஒரகடத்தை அடைகிறது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த இந்நிலப்பரப்பு, கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் ஆலைகள் மலிந்த பரப்பாக மாறியுள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய் மகிழுந்துகள் உருவாகி வருகின்றன. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டில் ரெனோ-நிசான் ஆலையும், 2012ஆம் ஆண்டில் டைம்லர் நிறுவனத்தின் சரக்குந்து ஆலையும் திறக்கப்பெற்றன. கைப்பேசிகளும் மின்னணு உறுப்புகளும் இப்பகுதியினின்று நாடெங்கும் செல்கின்றன. கடல் கடந்தும் செல்கின்றன.

வைகறையில் இவ்வழியே செல்வோர், ஆலைப் பேருந்துகள் அணி அணியாக ஓடுவதைக் காண்பர். அவற்றில் அமர்ந்திருக்கும் இளைஞரும் இளம்பெண்களும் கூரிய கண்ணும் தேர்ந்த கையும் உடையவர். மயிரிழை பிசகினும் கெட்டுவிடும் உறுப்புகளைப் பிசகாது பொருத்த வல்லவர். அவர்தம் உழைப்பு போற்றுதற்குரியது. எனினும், இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கைப்பேசியின் உறுப்புகள் அனைத்தையும் பொருத்தி முடித்த பின்னரும் அஃது உயிரற்ற பொருளாகவே கிடக்கிறது. அதனை எழுப்பி இயக்குவது யாது?

அதற்கு இயங்குதளம் என்பது பெயர். விசையை அழுத்தியவுடன் விழித்தெழுந்து, திரை, நினைவகம், ஒலிபெருக்கி ஆகிய எல்லாவற்றையும் தத்தம் கடமையில் நிறுத்துவது அதுவே. அது கண்ணுக்குப் புலப்படாதது, எழுத்தால் ஆயது. அறிஞர் பலர் கூடி எழுதிய கட்டளைத் தொகுதியே இயங்குதளம் ஆகும். கருவியின் உடலைச் செய்யும் கைகள் நம்முடையவை. அவ்வுடலை இயக்கும் எழுத்தை நாம் அறிந்திருக்கிறோமா என்பதே வினா.

இவ்வினா வெறும் புலமை வினா அன்று என்பதற்குத் திருப்பெரும்புதூரே சான்று. 2006ஆம் ஆண்டில் இங்கு நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலை தொடங்கப்பெற்றது. ஆயிரக்கணக்கானோர் அதில் பணிபுரிந்தனர். அவருள் இளம்பெண்கள் மிகப் பலர். அந்நிறுவனத்தின் உயர்வகைக் கைப்பேசிகள் சிம்பியன் என்னும் இயங்குதளத்தைக் கொண்டிருந்தன. 2008ஆம் ஆண்டில் ஆண்ட்ராய்டு வெளிவந்த பின்னர்ச் சிம்பியனின் செல்வாக்குக் குறைந்தது. 2011இல் நோக்கியா அதனைக் கைவிட்டு, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் இயங்குதளத்தைத் தழுவிற்று. 2014 ஏப்பிரலில் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்டுக்கே விற்கப்பட்டது. வரி வழக்கின் காரணமாகத் திருப்பெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேராது நின்றது. அவ்வாண்டு நவம்பரில் அது மூடப்பட்டது. மூடுதற்குக் காரணம் ஒன்றன்று, பல. ஆயினும் தொலைநாட்டில் ஓர் இயங்குதளம் வீழ்ந்தது அக்காரணங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. அங்கு எழுத்தில் நேர்ந்த தோல்வி, இங்கு ஆலைக் கதவை அடைத்தது. எழுத்தை அறியாத கை எத்துணைத் திறமை பெற்றதாயினும், அதன் வாழ்வு பிறர் கையில் இருக்கிறது.

அவ்வெழுத்தைக் கற்க வழி உண்டா? உண்டு. இயங்குதளங்கள் இரு வகைப்படும். ஒரு வகையில், அறிஞர் எழுதிய மூலநிரல் மறைத்து வைக்கப்படுகிறது. இயந்திரம் மட்டும் உணரும் வடிவமே நமக்குத் தரப்படுகிறது. மற்றொரு வகையில், மூலநிரலும் உடன் தரப்படுகிறது. அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் அளிக்கலாம். இதனைக் கட்டற்ற மென்பொருள் என்றும் திறந்த மூல மென்பொருள் என்றும் வழங்குவர். ஆங்கிலத்தில் இதற்கு அமைந்த சொல் ‘விலையில்லாதது’ என்றும் ‘விடுதலையுடையது’ என்றும் இருபொருள் தருதலின், அம்மொழியாளர் ஒவ்வொரு முறையும் விளக்கம் கூற வேண்டியவராகின்றனர். தமிழில் அவ்விடர்ப்பாடு இல்லை. இலவசம் வேறு, விடுதலை வேறு என்பதை நம் மொழி தெளிவாகவே பிரித்து வைத்துள்ளது. இங்குக் கருதப்படுவது விடுதலையே.

அமெரிக்க நாட்டின் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் குனு என்னும் பெயரால் இம்முயற்சியைத் தொடங்கினார். 1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் எல்சிங்கி நகரில் பயின்ற லினஸ் டோர்வால்ட்சு என்னும் 21 அகவை மாணவர், ஓர் இயங்குதளத்தின் உட்கருவை எழுதினார். தாம் செய்வது பொழுதுபோக்கே என்று அவரே அந்நாளில் அறிவித்தார். முதலில் ஏறத்தாழ 10,000 வரிகளே கொண்டிருந்த அந்த லினக்ஸ், இன்று 3 கோடி வரிகளைக் கடந்து வளர்ந்துள்ளது. ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளின் உட்கருவும் அதுவே. உலகின் மிகு வேகக் கணினிகள் ஐந்நூறும் 2017ஆம் ஆண்டு முதல் லினக்ஸ் வகையினவே. ஒரு மாணவரின் பொழுதுபோக்கு இத்துணைப் பெரிதாயிற்று எனின், பொழுதுபோக்கை இகழ்ந்து பேசுதல் எங்ஙனம் பொருந்தும்?

இன்று உலகெங்கும் ஆர்வலர் பலர் இவ்வியங்குதளங்களைத் தாமே மூலத்தினின்று உருவாக்கியும் மாற்றியும் மகிழ்கின்றனர். அஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சிறிது காண்போம். ஒரு மாணவன் பழைய கணினி ஒன்றை எடுத்துக்கொள்கிறான். லினக்ஸின் மூலநிரலை இணையத்தினின்று பெறுகிறான். தன் கணினிக்கு எவ்வெப்பகுதி வேண்டும், எவ்வெப்பகுதி வேண்டா என ஆயிரக்கணக்கான தெரிவுகளை ஆராய்ந்து குறிக்கிறான். பின்னர், மனிதர் எழுதிய நிரலை இயந்திரம் உணரும் வடிவாக மாற்றித் தரும் நிரல்பெயர்ப்பியை ஏவுகிறான். பழைய கணினியாயின், அப்பணி முடியப் பல மணி நேரம் ஆகும். முடிந்ததும் புதிய உட்கருவைப் பழையதன் அருகில் நிறுவிக் கணினியை மீண்டும் எழுப்புகிறான். ஒருகால் அஃது எழாமலே போகலாம். அப்போது திரையில் தோன்றும் பிழைச் செய்தியைப் படித்து, பழைய உட்கருவால் கணினியை எழுப்பி, தன் தெரிவைத் திருத்தி, மறுபடியும் முயல்கிறான்.

இம்முயற்சியில் அவன் கற்பவை பல. காரணத்தைத் தேடிச் செல்லும் பழக்கம் வருகிறது. பிழையைக் கண்டு அஞ்சாமல் அதனைப் படித்தறியும் மனம் வருகிறது. புதியதை நிறுவுமுன் பழையதைக் காத்து வைக்கும் முன்னறிவும் வருகிறது. தேர்வுக்கென மனனம் செய்யும் பாடம் இவற்றைத் தருவது அரிது.

தமிழ் கற்றவர்க்கு இம்மரபு புதியதன்று. முதனூல், வழிநூல், சார்புநூல் என நூல்களை மூவகையாகப் பகுக்கும் நன்னூல். முதனூலின் பொருளைப் போற்றி, வேண்டும் வேறுபாடுகளைச் சேர்த்து மரபு அழியாமல் செய்வதே வழிநூல். லினக்ஸ் உலகிலும் இவ்வொழுங்கைக் காணலாம். 1993ஆம் ஆண்டில் தோன்றிய டெபியனை முதனூல் எனக் கொண்டால், 2004ஆம் ஆண்டில் வந்த உபுண்டு அதன் வழிநூல். உபுண்டுவைத் தழுவி 2006ஆம் ஆண்டில் எழுந்த மின்ட் சார்புநூல் போன்றது. நம் நாட்டுக்கென 2007ஆம் ஆண்டில் வெளியான பாஸ் என்னும் இயங்குதளமும் டெபியனை அடியாகக் கொண்டதே. அதனைச் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் ஆக்கினர். மூலம் திறந்திருந்தமையால் இவை யாவும் இயன்றன. பேழையில் பூட்டி வைத்த ஏடுகள் செல்லுக்கு இரையாயின, உ. வே. சாமிநாதையர் போன்றோர் தேடி எடுத்து அச்சேற்றிய ஏடுகளோ ஊர்தோறும் சென்று புதிய புலவரை உண்டாக்கின. எழுத்து வாழ்வது திறந்திருத்தலால் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

நம் ஆலைகளில் உருவான கருவிகளுக்கும் இப்பயன் கிட்டியுள்ளது. 2015ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூர் ஆலையொன்றில் மோட்டோ-இ வகைக் கைப்பேசிகள் செய்யப்பெற்றன. அவ்வகைக்கு நிறுவனம் அளித்த புதுப்பிப்புகள் பின்னர் நின்றன. ஆயினும் லினியேஜ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைப் பேணும் ஆர்வலர், அதன் பின்வந்த ஆண்ட்ராய்டுப் பதிப்பை அக்கைப்பேசியில் இயங்கச் செய்தனர். குப்பைக்குச் செல்ல வேண்டியது மேலும் சில ஆண்டுகள் பயன்பட்டது. செய்த கை நம் ஊரினது. அதன் வாழ்நாளை நீட்டிய அறிவும் நம் ஊரினதாக வேண்டாமா?

இவ்வறிவைப் பெறத் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. சென்னையில் 1998ஆம் ஆண்டிலேயே லினக்ஸ் பயனர் குழு தோன்றிற்று. காஞ்சிபுரத்திலும் அத்தகைய குழு உண்டு. 2012ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கணியம்’ என்னும் இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிய பாடங்களை எளிய தமிழில் அளித்து வருகிறது. நிரல் எழுத அறியாத மாணவரும் இப்பணியில் பங்கு கொள்ளலாம். இவ்வியங்குதளங்கள் தமிழில் பேசுவது, ஆர்வலர் அமர்ந்து சொல் சொல்லாக மொழிபெயர்த்ததன் விளைவே. நல்ல தமிழ் அறிந்த மாணவர்க்கு அங்கு இன்னும் இடம் உண்டு.

இனி, இதனை மறுத்துரைப்போர் கூறுவனவற்றையும் கேட்போம். ‘செம்மையாக இயங்குவதைக் கலைத்துப் பார்ப்பது வீண்வேலை, படிக்கும் நேரம் பாழாகும்’ என்பர் ஒரு சாரார். அளவின்றிச் செய்தால் அவ்வாறே ஆகும். திரையின் நிறத்தையும் அழகையும் மாற்றுவதிலேயே இரவுகளைக் கழிப்பவன் கற்பது சிறிது. ஆனால், மாற்றியது யாது, ஏன் மாற்றினேன், விளைந்தது என்ன எனக் குறிப்பேட்டில் எழுதி வைப்பவன் செய்வது ஆராய்ச்சியே ஆகும். ‘கருவி கெட்டுவிடும்’ என்பர் மற்றொரு சாரார். அவ்வச்சம் நியாயமானது. கைப்பேசியின் பூட்டைத் திறக்குங்கால் அதிலுள்ள செய்திகள் அழியக்கூடும். நிறுவனத்தின் உத்தரவாதம் நீங்கக்கூடும். வங்கிச் செயலிகள் சில இயங்க மறுக்கவும் கூடும். ஆதலின், வீட்டில் அன்றாடம் பயன்படும் கருவியைத் தொடுதல் ஆகாது. ஒதுக்கி வைத்த பழங்கருவியே பயிற்சிக்கு ஏற்றது.

இவ்விளையாட்டுக்கு அறமும் உண்டு. லினக்ஸின் உரிமம் ஒரு நிபந்தனை விதிக்கிறது. திருத்திய நிரலைத் தனக்குள் வைத்துக்கொள்பவனுக்குக் கடமை ஒன்றுமில்லை. அதனைப் பிறர்க்கு வழங்குபவனோ, அதன் மூலத்தையும் அதே உரிமையோடு வழங்குதல் வேண்டும். பெற்றதைப் பூட்டி வைத்தல் கூடாது என்பதே இதன் கருத்து. முன்னோர் பெயரை மறையாது கூறுதல், கேட்குமுன் தானே முயன்று பார்த்தல், கண்ட தீர்வைப் பிறர்க்கு எழுதி வைத்தல் ஆகியனவும் இவ்வார்வலர் போற்றும் ஒழுக்கங்கள்.

2011ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்படி தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில், விண்டோசுடன் பாஸ் இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. திறந்த மூலம் இவ்வாறு எண்ணற்ற இல்லங்களுக்குச் சென்று சேர்ந்தது. ஆனால் கையில் சேர்வது வேறு. கருத்தில் சேர்வது வேறு. திறந்து காட்டுவாரும் தூண்டுவாரும் இல்லாவிடின் திறந்த நூலும் மூடிய நூலே. ஆகவே பள்ளிதோறும் பழைய கணினி ஒன்றையேனும் ‘கெட்டாலும் குற்றமில்லை’ என்று மாணவரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பது என் துணிபு. சிறப்பாக, ஆலைகள் சூழ்ந்த இவ்வட்டாரப் பள்ளிகளில் இது நடைபெறுதல் வேண்டும். பெற்றோர் பொருத்தும் கருவியின் உள்ளெழுத்தைப் பிள்ளைகள் படிக்கத் தொடங்குவார்களாயின், நாளை அதனை எழுதுவோரும் அவருள் தோன்றுவர்.

திருப்பெரும்புதூர் இராமாநுசர் தோன்றிய ஊர். மறைவாகப் போற்றுக எனத் தமக்கு அருளப்பட்ட மந்திரத்தை அவர் திருக்கோட்டியூரில் உயர ஏறி நின்று அனைவர்க்கும் உரைத்தார் எனக் குருபரம்பரை நூல்கள் கூறும். அறிந்ததைப் பலர்க்கும் ஆக்குதல் இம்மண்ணுக்குப் பழைய வழக்கம். மாணவர்காள்! இயங்குதளத்தின் மூலம் உங்கள் முன் திறந்து கிடக்கிறது. அதனைப் படியுங்கள், பழங்கணினியில் முயன்று பாருங்கள், கற்றதைத் தோழர்க்கும் சொல்லுங்கள்.